காற்றுக்குக் கொடுக்கும் கூலி

பருத்தித்துறையில் வாழும் என் மாமி ஒருவர் வடை சுட்டு விற்பவர். வடை என்றவுடன், உழுந்தை ஊறவைத்து அரைத்துச் சுடும் மெதுவடையை வாசகர்கள் எண்ணிவிடலாகாது. பருத்தித்துறை வடை தட்டையானது, மெல்லியது, விரல்களுக்கிடையிற் பிடித்து ஒடித்தால் 'சடக்'கென முறிவது, காற்றுப் புகாமல் வைத்தால் வாரக்கணக்கிற் கெடாதிருப்பது. கடல்கடந்து போய்க் குடியேறிய எம்மவர், ஊருக்கு வந்து திரும்புகையில் தம் பயணப் பெட்டியின் ஒரு மூலையை இதற்கென ஒதுக்கத் தவறுவதில்லை. அவ்விதம் போன பொட்டலம் ஒன்றைச் சுவைத்துப் பார்த்த இலண்டன் கடைக்காரர் ஒருவர், மாதந்தோறும் ஒரு பெட்டி அனுப்பிவைக்க முடியுமா என்று மாமியைக் கேட்டார். அறுபது வயதுக்கு மேல் தாம் ஓர் ஏற்றுமதி வியாபாரி ஆகப்போவதை எண்ணி மாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

முதற் பெட்டி போயிற்று. விமானத்தில் அனுப்பிவைத்த கொரியர்க் கொம்பனியின் கணக்குச்சீட்டும் வந்தது. அதைக் கண்ட மாமி என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, நான் நிறுத்து அனுப்பினது பெட்டியோட எட்டுக் கிலோ. இவையள் பத்தொன்பதரைக் கிலோவுக்குக் காசு கேக்கினம். என்ர தராசு பொய் சொல்லுதோ, இவையின்ர தராசு பொய் சொல்லுதோ?"

இரண்டு தராசுகளிலும் பிழையில்லை. ஆயினும், மாமியோடு இரண்டு பெண்கள் மா பிசைந்து, தட்டி, சுட்டுக்கொடுத்துப் பிழைக்கின்றனர். அனுப்பும் கூலி வடையின் விலையை விழுங்கிவிடுமாயின், முதலில் நின்றுபோவது அவ்விருவரின் சம்பளமே. ஆகவே இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அன்று மாமிக்கு நான் சொன்ன விளக்கத்தையும், அதன் பின்னர் தேடிப் படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றையும் ஈண்டு எழுதுகின்றேன். வியாபாரத்தோடு தொடர்பில்லாத வாசகர்களும் இதனைப் படிக்கலாம். நாம் கடையில் வாங்கும் பருப்புக்கும் சீனிக்கும் கொடுக்கும் காசில் ஒரு பங்கு கப்பற்கூலியாகவே போகின்றது.

இடத்துக்கும் நிறை உண்டு

விமானத்தின் வயிறும் கப்பலின் வயிறும் இருவகையில் நிரம்பும். ஈயக் கட்டிகளை ஏற்றினால், பாதி இடம் வெறுமையாய்க் கிடக்கும்போதே அது தாங்கக்கூடிய நிறை வந்துவிடும். பஞ்சு மூட்டைகளை ஏற்றினால், நிறை பத்தில் ஒரு பங்குக்கு வருமுன்னரே இடம் தீர்ந்துவிடும். பஞ்சுக்காரனிடம் நிறைக்கு மாத்திரம் கூலி வாங்கினால் விமானக் கொம்பனி வெகு சீக்கிரம் கடையை மூடவேண்டியதுதான். எனவே, பெட்டி பிடிக்கும் இடத்தையும் ஒரு நிறையாக மாற்றி, அதையும் தராசு காட்டும் நிறையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கூலி வாங்குவது இத்தொழிலின் வழக்கம்.

மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்க. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து ஒன்றோடொன்று பெருக்குக. வந்த தொகையை 5,000 ஆல் வகுக்க. பெரிய கொரியர்க் கொம்பனிகள் கூலி வாங்கும் கிலோக் கணக்கு இவ்வாறே பெறப்படுகின்றது. மாமியின் பெட்டி 60 சென்ரிமீற்றர் நீளமும், 40 அகலமும், 40 உயரமும் உடையது. பெருக்கினால் 96,000. வகுத்தால் 19.2. அரைக் கிலோவாக மேல்நோக்கித் திருத்தினால் பத்தொன்பதரை. மாமி எட்டுக் கிலோ வடைக்கும், அதற்கு மேலாகப் பதினொன்றரைக் கிலோ காற்றுக்கும் கூலி கொடுத்திருக்கின்றார்!

இதே பெட்டியைக் கொரியரிற் கொடாமல் சாதாரண விமானச் சரக்காகக் கொடுத்திருந்தால், அங்கே வகுக்கும் எண் 6,000. கணக்கு 16 கிலோவோடு நிற்கும். கப்பலிலோ கணக்கு வேறு. அங்கே ஒரு கன மீற்றர் இடமும் ஒரு தொன் நிறையும் சமமாக மதிக்கப்படும். மாமியின் பெட்டிகள் பத்தைச் சேர்த்தால் தராசில் 80 கிலோ. கப்பற்காரர் ஏட்டில் ஏறத்தாழ ஒரு தொன். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு தொன்னுக்குக் கப்பல் வாங்கும் கூலி விமானக் கூலியோடு ஒப்பிடுகையில் மிகச் சொற்பமே. ஆனால், எந்த வழியிற் போனாலும் இடத்தை வீணாக்குபவன் அதற்கு விலை கொடுத்தே தீரவேண்டும்.

இந்தக் கணக்கை நன்கு அறிந்து முன்னேறிய கைத்தொழில் ஒன்று நமது நாட்டிலேயே இருக்கின்றது. தென்னந்தும்பு அடிக்கும் ஆலைகளின் பக்கத்தில், தும்பைப் பிரித்தபின் மிஞ்சும் தும்புச்சோறு முன்னாளில் மலைமலையாகக் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் அதிலிருந்து செந்நீர் வடியும். எடுத்துப்போவார் இல்லை. பிற்காலத்தில், சதுப்பு நிலங்களில் எடுக்கப்படும் பீற் என்னும் மண்ணுக்குப் பதிலாக இதிற் செடி வளர்க்கலாம் என்று மேல்நாட்டுத் தோட்டக்காரர் கண்டனர். வாங்க ஆள் இருந்தும் அனுப்ப வழியில்லை. அவ்வளவு இலேசான பொருளைக் கப்பலேற்றினால் கூலியே பொருளின் விலையைத் தாண்டிவிடும். யந்திரத்தில் இட்டு அழுத்தி, ஐந்து பங்கை ஒரு பங்காகச் சுருக்கிச் செங்கல்போல ஆக்கிய பின்னரே அது ஏற்றுமதிப் பொருளாயிற்று. ஐந்து கிலோக் கட்டி ஒன்றை ஒல்லாந்திலோ யப்பானிலோ தண்ணீரில் ஊறவைத்தால் அறுபது லீற்றருக்கு மேல் பொங்கி எழும். தண்ணீரையும் காற்றையும் அந்தந்த நாட்டிலேயே சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டதில் இருக்கின்றது அதன் வெற்றி.

துறைமுகத்திற் கரைந்த பணம்

கப்பற்கூலி என்றால் கடலைக் கடப்பதற்கான கூலி என்றே பலர் எண்ணுகின்றனர். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். 1954ஆம் ஆண்டில் 'வொரியர்' என்னும் அமெரிக்கக் கப்பல் நியூயோர்க்கின் புறூக்ளின் துறையிலிருந்து ஜேர்மனியின் பிறேமஹாவன் துறைக்குச் சென்றது. அந்த ஒரு பயணத்தை ஆராய்ச்சியாளர் அங்குலம் அங்குலமாகக் கணக்கிட்டனர். ஏறத்தாழ 5,000 தொன் சரக்கு. எண்ணிப் பார்த்தால் 194,582 தனித்தனிச் சாமான்கள்! பெட்டி, பீப்பா, மூட்டை, சாக்கு, மோட்டார் வண்டி என்று ஒவ்வொன்றும் மனிதர் கையால் தூக்கி அடுக்கப்பட்டது. அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்ததற்கு ஆன செலவு மொத்தத்தில் 11.5 வீதம் மாத்திரமே. இரு கரைகளிலும் ஏற்றி இறக்கியதற்கு ஆனதோ ஏறக்குறைய 37 வீதம். சமுத்திரம் மலிவு, துறைமுகமே விலை கூடியது.

இதனை எவ்வித ஆராய்ச்சியும் இன்றி அறிந்திருந்தவர் மல்கம் மக்லீன் என்னும் லொறிக்காரர். வட கரோலினாவில் 1913இற் பிறந்து, ஒரு பழைய லொறியோடு தொழில் தொடங்கி, பெரிய லொறிக் கொம்பனியொன்றுக்கு அதிபரானவர். லொறியில் வந்த சாமானை ஒவ்வொன்றாய் இறக்கி, ஒவ்வொன்றாய்க் கப்பலில் ஏற்றுவானேன்? லொறியின் பெட்டியையே கழற்றி அப்படியே கப்பலில் வைத்துவிட்டால் என்ன? 1956 ஏப்ரில் 26ஆந் திகதி 'ஐடியல் எக்ஸ்' என்னும் பழைய எண்ணெய்க் கப்பல், 58 இரும்புப் பெட்டிகளைத் தன் மேற்றளத்திற் சுமந்துகொண்டு நியூவார்க் துறையிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளில் சாதாரணமாகச் சரக்கு ஏற்றத் தொன்னுக்கு 5 டொலர் 80 சதத்துக்கு மேற் செலவாகும். மக்லீனின் ஆட்கள் கணக்கிட்டபோது வந்தது தொன்னுக்கு 16 சதம்!

இன்று உலகெங்கும் இருபது அடி, நாற்பது அடி என்று அளவு வகுக்கப்பட்டு ஓடும் கொள்கலன்கள் அந்த 58 பெட்டிகளின் வழிவந்தவையே. கொழும்பில் 1985இல் ஜயா கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. அலுமினியத் தாள் உள்வைத்த பலகைத் தேயிலைப் பெட்டிகளைத் தோளிற் சுமந்த காட்சி மறைந்து, கடதாசிச் சாக்குகளில் நிரப்பிய தேயிலை கொள்கலன்களிற் போகலாயிற்று. முதியவர்கள் பலருக்கு அந்தப் பலகைப் பெட்டிகள் நினைவிருக்கும். வீடு மாறுகையில் புத்தகங்களையும் பாத்திரங்களையும் அடைக்க அவற்றிலும் சிறந்தது கிடையாது. துறைமுகத்தில் நாட்கூலிக்குச் சுமந்து குடும்பம் காத்த எத்தனையோ பேரின் தொழிலும் அப்பெட்டிகளோடு போயிற்று என்பதையும் நாம் மறந்துவிட முடியாது. கூலியைக் குறைத்தல் என்பது பெரும்பாலும் யாரோ ஒருவரின் கூலியைக் குறைத்தலாகவே முடிகின்றது.

கொழும்புக்கு இதனால் வேறொரு நன்மையும் வாய்த்தது. அங்கு இறங்கும் கொள்கலன்களுள் பெரும்பாலானவை நம் நாட்டுக்கு உரியன அல்ல. இந்தியா முதலிய அயல்நாடுகளுக்குச் செல்லும் வழியிற் கப்பல் மாறுபவை. அவற்றுக்காக வரும் பெருங்கப்பல்களில் நமது தேயிலையும் இறப்பரும் ஆடைகளும் இடம் பிடித்துக்கொள்கின்றன. நம் சரக்கை மாத்திரம் நம்பி அத்தனை கப்பல்கள் வருவதாயின் கூலி எங்கேயோ போய் நிற்கும்.

சங்கமும் போட்டியும்

கப்பற்கூலியை நிர்ணயிப்பவர் யார்? இக்கேள்விக்கு விடை நூற்றைம்பது ஆண்டுகளாக ஏறக்குறைய ஒன்றேதான்: கப்பற்காரர்கள் கூடிப் பேசி நிர்ணயிப்பர். 1875இல், கல்கத்தாவுக்கும் பிரித்தானியாவுக்குமிடையே ஓடிய கப்பற் கொம்பனிகள் ஒன்றுசேர்ந்து ஒரே கூலி வாங்க உடன்பட்டன. 1877இல் அதற்கொரு பூட்டும் பூட்டினர். தமது சரக்கு முழுவதையும் சங்கத்துக் கப்பல்களிலேயே அனுப்பும் வியாபாரிக்குக் கூலியில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பர். ஆனால் உடனே கொடார். சில மாதம் தாமதித்து, அதுவரையிலும் அவர் வேறு கப்பலைத் திரும்பியும் பார்க்கவில்லை என்று கண்டபின்னரே கொடுப்பர். ஒரேயொரு மூட்டையை வெளிக்கப்பலில் அனுப்பினாலும் சேர்ந்த பணம் முழுவதும் போய்விடும். இத்தகைய சங்கங்களுக்கு அளித்திருந்த சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் நீக்கியது 2008 ஒக்டோபரில்தான். இப்போது பெருங்கொம்பனிகள் கூட்டணிகளாகப் பிரிந்து ஒருவர் கப்பலில் மற்றவர் சரக்கை ஏற்றுகின்றனர்.

இந்தக் கதை தமிழருக்குப் புதிதன்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கொம்பனி கொடிகட்டிப் பறந்த காலத்தில், வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906 ஒக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து இலட்சம் ரூபா. பங்கு ஒன்று 25 ரூபாவாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்கள் வந்து சேர்ந்தன. உடனே கட்டணப் போர் மூண்டது. வெள்ளையர் கொம்பனி ஆளுக்கு ஒரு ரூபா என்று இறக்க, சுதேசிக் கொம்பனி எட்டணா என்றது. முடிவில் வெள்ளையர் கொம்பனி இலவசமாகவே ஏற்றி, ஏறியவருக்குக் குடையும் கொடுத்தது என்று வரலாறு எழுதுவோர் கூறுவர்.

அந்நாளில் குடை வாங்கிக்கொண்டு கரையேறியவர்களை நாம் குறைகூற முடியுமா? இலவசம் கிடைத்தால் யார்தான் விடுவர்! ஆனால் 1908 மார்ச்சில் சிதம்பரம்பிள்ளை சிறை புகுந்தார். 1911இல் சங்கமும் கலைந்தது. போட்டிக்கு ஆளில்லாத வழியில் இலவசப் பயணம் நீடிக்குமென எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது. இன்றும் புறக்கோட்டையில் அனுபவமுள்ள இறக்குமதியாளர் ஒருவர், கூலி மிகக் குறைத்துக் கேட்கும் முகவரிடம் சரக்கு முழுவதையும் கொடுத்துவிடமாட்டார். இருவருக்குப் பிரித்துக் கொடுப்பார். ஒருவருக்கு மற்றவர் இருப்பது தெரியும்படியும் பார்த்துக்கொள்வார்.

கூலிக்கு மேல் வரி

கொரோனா நோய்க்கு முன், 2019இல், உலகின் முக்கிய வழிகளில் நாற்பதடிக் கொள்கலன் ஒன்றுக்குச் சராசரிக் கூலி ஏறத்தாழ 1,400 டொலர். 2021 செப்டெம்பரில் அது 10,000 டொலரையும் தாண்டிற்று. துறைமுகங்களில் நெரிசல், வெற்றுக் கொள்கலன்கள் வேண்டிய இடத்தில் இல்லை, போதாக்குறைக்கு அவ்வாண்டு மார்ச்சில் 'எவர் கிவன்' என்னும் பெருங்கப்பல் சுயஸ் கால்வாயிற் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தது. பிறகு 2023 ஒக்டோபர் அளவிற் கூலி பழைய நிலைக்கு இறங்கிற்று. மறுமாதமே செங்கடலிற் கப்பல்கள் தாக்கப்படலாயின. ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. 2024 ஜூலையில் மீண்டும் 6,000 டொலரை நெருங்கியது. உச்சத்தில் நீண்டகால ஒப்பந்தம் எழுதியவர் கூலி விழுந்தபோது அழுதார். ஒப்பந்தமே எழுதாதவர் கூலி ஏறியபோது அழுதார். சரக்கிற் பாதியை ஒப்பந்தத்திலும் பாதியை அவ்வப்போதைய விலையிலும் அனுப்பியவர்களே ஓரளவு நித்திரை கொண்டார்கள் போலும்.

இலங்கைக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு பாதிப்பு இருக்கின்றது. அதைப் பலர் கவனிப்பதில்லை. நமது சுங்கத் தீர்வை, பொருளின் விலையோடு காப்புறுதியையும் கப்பற்கூலியையும் கூட்டி வரும் தொகையின் மேல் விதிக்கப்படுகின்றது. 10,000 டொலர் பெறுமதியான சரக்கு, கப்பற்கூலி 1,500, காப்புறுதியை இப்போதைக்கு மறந்துவிடுவோம், தீர்வை 20 வீதம் என வைத்துக்கொள்வோம். தீர்வை 2,300 டொலர். கூலி மாத்திரம் 10,000 ஆக ஏறினால் தீர்வை 4,000 ஆகும். பொருள் அதே பொருள். அளவும் அதே அளவு. கப்பற்காரருக்குக் கூடுதலாகக் கொடுத்ததற்காக அரசாங்கத்துக்கும் 1,700 டொலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கின்றது. அமெரிக்காவில் தீர்வை கப்பற்கூலியைச் சேர்க்காமலே கணக்கிடப்படுகின்றது என்பதை மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆகவே கூலியை யார் பேசுவது என்பது முக்கியமான கேள்வி. விற்பவரே கூலியும் காப்புறுதியும் கட்டி அனுப்பும் முறையில் வாங்குவது இலகு. ஒரே விலை, ஒரே கடிதம். ஆனால் அப்போது கப்பலையும் முகவரையும் தெரிந்தெடுப்பவர் விற்பவர். அவர் அங்கே மிகக் குறைந்த கூலி பேசியிருப்பார். அக்குறைவை இங்குள்ள முகவர், சரக்கை விடுவிக்கும் கட்டணம், பிரிக்கும் கட்டணம், பத்திரக் கட்டணம் என்று பல பெயர்களில் வாங்குபவரிடம் அறவிட்டுக்கொள்வார். பல வியாபாரிகளின் சிறு சரக்குகளை ஒரே கொள்கலனில் அடைத்து வரும்போது இது அதிகம். விற்பவரின் துறைமுகத்தில் கப்பலேற்றும் வரையுள்ள விலையை மாத்திரம் கேட்டு, கூலியைத் தாமே பேசிக்கொள்ளும் வியாபாரி, வேலை அதிகமானாலும் கணக்கைத் தம் கையில் வைத்திருப்பார். இரு துறைமுகக் கட்டணங்களும் அடங்கலாக மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்காமற் சரக்கை அசைக்கலாகாது.

வங்கியில் உறங்கிய கடிதம்

என் நண்பர் ஒருவர் புறக்கோட்டை நாலாங் குறுக்குத்தெருவில் செத்தல் மிளகாய் இறக்குபவர். சில ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடியிலிருந்து அவருக்கு ஒரு கொள்கலன் வந்தது. கப்பலுக்கு அது ஓரிரவுப் பயணம். ஆனால் சரக்கின் உரிமையைக் காட்டும் 'பில் ஒவ் லேடிங்' என்னும் மூலப் பத்திரம் அந்த ஊர் வங்கியிலிருந்து இந்த ஊர் வங்கிக்கு வந்து, மேசைக்கு மேசை மாறி, அவர் கைக்கு வரப் பன்னிரண்டு நாள்கள் சென்றன. கொள்கலன் துறைமுகத்திற் கூலியின்றி நிற்கக்கூடிய நாள்கள் சிலவே. அதற்கப்பால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஓடும். நாள் செல்லச் செல்ல வீதமும் ஏறும். துறைமுகம் தன் நிலத்துக்கு வாடகை கேட்கும்; கப்பற்காரர் தம் பெட்டிக்கு வாடகை கேட்பார். இவை இரண்டும் வேறு வேறு என்பதே அன்றுதான் நண்பருக்குத் தெரிந்தது. கடைசியிற் கூட்டிப் பார்த்தால் கடலைக் கடந்த கூலியிலும் கரையில் நின்ற கூலி அதிகம்!

கப்பல் பல வாரம் மிதந்து வந்த காலத்தில் வகுத்த வழக்கம், ஓரிரவில் வந்து சேரும் வழிக்கு எப்படிப் பொருந்தும்? ஏற்றுமிடத்திலேயே மூலப் பத்திரத்தைக் கப்பற்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, செய்தி மூலம் சரக்கை விடுவிக்கும் ஒழுங்கு உண்டு. நம்பிக்கையான விற்பனையாளரோடு இப்போது நண்பர் அவ்வாறே செய்கின்றார். கப்பல் புறப்படுமுன்னரே சுங்கப் பத்திரங்களின் நகலை வாங்கிச் சரிபார்த்தும் விடுகின்றார். இதனால் அவர் மிச்சம் பிடித்த தொகை, பேரம் பேசிக் குறைத்த கூலியைக் காட்டிலும் பெரிது என்று என்னிடம் சொன்னார். பேரம் பேசுவதில் அவர் ஒன்றும் சளைத்தவர் அல்லர்.

வடபகுதி வாசகர்களுக்குக் கடல்வழிக் கூலி முடிந்தபின் தரைவழிக் கூலி தொடங்குகின்றது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் நானூறு கிலோமீற்றர். காங்கேசன்துறைக்கு எதிர்க்கரையில், நூற்றுப்பத்துக் கிலோமீற்றர் தூரத்தில் நாகபட்டினம் இருக்கின்றது. ஆயினும் தமிழ்நாட்டுச் சரக்குப் பெரும்பாலும் கொழும்பைச் சுற்றியே வந்திருக்கின்றது. ஏ-9 பாதை 2006 ஓகஸ்டில் மூடப்பட்டுக் கப்பலையே நம்பியிருந்த காலத்தில் ஒரு கிலோ சீனிக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதை அங்கிருந்த எந்தத் தாயிடமும் கேட்டு அறியலாம். வழி ஒன்றே ஆகும்போது கூலி என்னவாகும் என்பதற்கு அதைவிட விளக்கம் வேண்டியதில்லை. இன்று லொறிக்காரரிடம் பேசுவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கொழும்பிலிருந்து நிறைந்து வரும் லொறி, திரும்பும்போதும் நிறையவேண்டுமென்றே பார்க்கும். வெறுமையாய்த் திரும்ப மனமில்லாத லொறியில், தெற்கே போகும் வெங்காயத்துக்கும் வாழைக்குலைக்கும் குறைந்த கூலி பேசலாம். வடக்கே வரும் சாமானுக்கு அப்படிப் பேசுவது கடினம்.

மாமியின் கதைக்கு வருகின்றேன்.

அவர் பெட்டியை நான் பிரித்துப் பார்க்கச் சொன்னபோது காரணம் விளங்கிற்று. வடைகளை ஊதிய பொலித்தீன் பைகளில் அள்ளிப் போட்டு, உடையாதிருக்கப் பழைய புதினப் பத்திரிகைகளைக் கசக்கிச் சுற்றிலும் அடைந்திருந்தார். அதற்குப் பதிலாக, வடைகளை நாணயங்களைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கடதாசிக் குழாய்களில் இட்டார். அடுக்கினால் உடையாதா என்று கேட்டேன். ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் முன்னையிலும் குறைவாகவே உடைந்தன. பெட்டி 50 சென்ரிமீற்றர் நீளமும், 35 அகலமும், 30 உயரமும் உள்ளதாய்ச் சுருங்கிற்று. பெருக்கினால் 52,500, வகுத்தால் பத்தரைக் கிலோ. நிறையோ எட்டுக் கிலோ. மிச்சம் இரண்டரைக் கிலோ சும்மா போகின்றதே என்று மாமிக்குப் பொறுக்கவில்லை. குழாய்களுக்கிடையே இருந்த சந்துகளில் இரண்டு கிலோ ஒடியல்மாவைச் சிறு சிறு பொட்டலங்களாக நுழைத்துவிட்டார். கணக்குச்சீட்டு மாறவில்லை. இலண்டன் கடைக்காரர் அடுத்த மாதம் ஒடியல்மா இன்னுங் கொஞ்சம் வேண்டுமென்று எழுதியிருந்தார்.

இப்போது மாமி கப்பலைப் பற்றி விசாரிக்கின்றார். கப்பலிற் குறைந்தது ஒரு கன மீற்றருக்குக் கூலி கட்டவேண்டியிருப்பதால் தனியொருவரால் ஆகாது. யாழ்ப்பாணத்துப் புகையிலையைத் திருவாங்கூருக்கு அனுப்பிய கமக்காரர், 'மலையாளப் புகையிலைக் கூட்டுறவுச் சங்கம்' அமைத்துச் சரக்கை ஒன்றுசேர்த்த காலத்தை மாமியின் தகப்பனார் சொல்லக் கேட்டதுண்டாம். அதே வழியில், அயலில் மிளகாய்த்தூள் இடித்து விற்பவர் ஒருவரையும், பனங்கட்டி வியாபாரி ஒருவரையும் கூட்டி வைத்துப் பேசியிருக்கின்றார். பாரமான பனங்கட்டியும் பாரமில்லாத வடையும் ஒரே சரக்கில் நன்கு பொருந்தும். கூலியை நிறைப்படி பிரிப்பதா, இடப்படி பிரிப்பதா என்பதிலும், சீட்டை யார் பெயரில் எழுதுவது என்பதிலும் மூவருக்கும் இன்னும் உடன்பாடு வரவில்லை. சென்ற கிழமை நான் போயிருந்தபோது, மாமியின் அடுப்படித் திண்ணையில் மூன்று பெட்டிகளும் ஓர் அளவுநாடாவும் கிடந்தன. பனங்கட்டிக்காரர் இரண்டாந் தடவையாக அளந்துகொண்டிருந்தார்.